பிசிராந்தையாரின் மனைவிக்கு எப்போது நரைத்தது?

மூத்த குடிமக்கள் சங்கங்களில் ஒன்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவள், கவிதை எழுதுகிறவள், பேருந்தில் வந்துபோகிறவள், பணம் கேட்காதவள். அழைக்க இந்தத் தகுதிகள் போதும். செயலாளர்கள் தொலைபேசியில் சொல்வது எல்லா ஊர்களிலும் ஒன்றுதான். "மேடம், ஒரு நாற்பது நிமிஷம். பயனுள்ளதா இருக்கணும், கொஞ்சம் சிரிக்கிற மாதிரியும் இருக்கணும். அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம். வயசானவங்க பாருங்க, மனசு கஷ்டப்படற மாதிரி எதுவும் வேண்டாம்."

நானும் அப்படியே பேசினேன். அதிகமும் பேசியது பிசிராந்தையாரைப் பற்றி. புறநானூற்றின் 191ஆம் பாடல். இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில் அது. நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், சான்றோர் நிறைந்த ஊர் என்று காரணங்களை அடுக்குவார். இந்தப் பாடலைப் போல முதியோர் கூட்டத்துக்குப் பொருந்துவது வேறில்லை. நரை என்றதுமே சிரிப்பு வரும். சாயம் பூசியவரைப் பக்கத்து நாற்காலிக்காரர் சீண்டுவார். மனைவியைப் பற்றிய இடத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பின்வரிசையைப் பார்ப்பார்கள். கைதட்டல் கிடைக்கும். பொன்னாடை, திருக்குறள் புத்தகம், சுண்டல். மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.

ஒரு சங்கத்தில், கூட்டம் முடிந்து கை கழுவப் போன இடத்தில், காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா என்னிடம் கேட்டார். "நல்லா பேசினீங்க டீச்சர். ஆமா, அந்தம்மாவுக்கு நரைச்சிருந்துச்சா?"

எந்தம்மா என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

"அவரு சம்சாரத்துக்கு."

சிரித்துவைத்தேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். முனைவர் பட்டம் வாங்கி, இருபது ஆண்டுகளாக இந்தப் பாடலை வகுப்பில் நடத்துகிறவள் நான். என் மாணவிகளில் ஒருத்திகூட இதைக் கேட்டதில்லை. நான் அவர்களைக் கேட்கவைத்ததும் இல்லை.

அந்தக் கேள்வியோடு பாடலைத் திரும்பப் படித்தால் அது வேறு பாடலாகிவிடுகிறது. அவருக்கு நரைக்காததற்கு அவர் காரணமில்லை. மற்றவர்களின் உழைப்புதான் காரணம், அதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த உழைப்பைத் தந்தவர்களுக்கு நரைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதோடு முடியவில்லை. அதே பிசிராந்தையார், நேரில் காணாமலேயே நட்புக்கொண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து, தானும் வடக்கிருந்து உயிர்விட்டவர். நட்புக்கு இலக்கணம் என்று பள்ளிப் பாடத்திலிருந்து பட்டிமன்றம் வரை கொண்டாடுகிறோம். மாண்புள்ள அந்த மனைவி அப்போது என்ன ஆனாள்? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சோழனோடு உயிர்விட வந்த இன்னொரு புலவர் பொத்தியார். அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்தபின் வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். மகனைச் சுமக்கிற மனைவிக்காக ஒருவன் திரும்பிப் போகலாம். மக்களை வளர்த்து முடித்துவிட்ட மனைவிக்காக யாரும் திரும்பத் தேவையில்லை. இந்த இரண்டு செய்தியையும் நான் அறிந்திருந்தேன். சேர்த்துப் பார்க்க, டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவரின் கேள்வி தேவைப்பட்டது.

அதன் பிறகுதான் நான் பேசிக்கொண்டிருந்த கூடங்களையும் பார்க்கத் தொடங்கினேன்.

கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை 10 மணி. இட்லி சாப்பிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது வசதியான நேரம். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் கறிக்குழம்போ சாம்பாரோ அடுப்பில் வைத்தாக வேண்டியவர்களுக்கு அது வரமுடியாத நேரம். கூடம் மாடியில். மூட்டு வலிக்காரர்களுக்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான். கழிப்பறை ஒன்றே ஒன்று, தாழ்ப்பாள் சரியாக விழாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவதாக ஓர் அம்மா சொன்னார். முன்வரிசை நிர்வாகிகளுக்கு, அடுத்தவை ஆண்களுக்கு, ஐந்தாம் வரிசைக்கு மேல் பெண்களுக்கு. யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. பேருந்தில் எழுதியிருப்பதை விடவும் ஒழுங்காக இது நடக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு மட்டும் முன்வரிசையில் இடமுண்டு. அவருக்கு வாய்ப்பது நன்றியுரை.

உறுப்பினர் கட்டணம் கணவர் பெயரில். மனைவி 'குடும்ப உறுப்பினர்'. எனக்கு அந்தக் கேள்வியைத் தந்த அம்மாவின் கணவர் அந்தச் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவர். அவர் இறந்தபோது இரண்டு நிமிட மௌனம், இரங்கல் தீர்மானம், படத்திறப்பு எல்லாம் நடந்தன. அடுத்த ஆண்டு உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர் பெயரோடு இவருடைய இடமும் போனது. யாரும் விலக்கவில்லை, சேர்க்க நினைக்கவில்லை, அவ்வளவுதான். மூத்த குடிமக்கள் சங்கத்துக்கு அவர் இப்போது சுண்டல் தாளிக்க வருகிறார். 'உதவிக்கு வர்றாங்க' என்று செயலாளர் அறிமுகப்படுத்தினார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறக்குறைய 10.4 கோடி. அதில் பெண்கள் 5.3 கோடி, ஆண்கள் 5.1 கோடி. முதுமையில் பெண்களே அதிகம். ஆனால் முதுமையைப் பேசும் கூடத்தில் அவர்கள் ஐந்தாம் வரிசைக்குப் பின்னால்.

இனி சிறப்புரைகளைப் பார்ப்போம். இதய மருத்துவர் வருகிறார், சர்க்கரை நோய் மருத்துவர் வருகிறார், கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. பெண்நோய் மருத்துவர் வந்ததாக நான் பேசிய எந்தச் சங்கத்திலும் ஒருவரும் சொல்லவில்லை. வங்கி மேலாளர் வந்து வைப்புத்தொகை வட்டி பற்றிப் பேசுகிறார், தணிக்கையாளர் வந்து வருமான வரி பற்றிப் பேசுகிறார். 'ஓய்வுக்காலத்தை இனிமையாக்குவது எப்படி' என்று ஒருவர் பேசுகிறார். ஓய்வு யாருக்கு? பணி ஓய்வு பெறும் ஆணுக்குப் பிரிவுபசார விழா நடக்கிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிவைத்து அவர் கேட்கிற காபியை, 22 வயதில் தொடங்கியவள்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் பிரசவம், மருமகள் வேலைக்குப் போக பேரப்பிள்ளை, படுத்துவிட்ட மாமியார் என அவளுடைய பணி நீட்டிப்புக்கு ஆணை எதுவும் தேவைப்படுவதில்லை. அந்தச் சிறப்புரையாளர் சொல்லும் மூன்றாவது யோசனை, 'மனைவியோடு நேரம் செலவிடுங்கள்' என்பது. அவளுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்குத்தான் தமிழாசிரியைகள் இருக்கிறோமே. ஔவையைப் பேசுவோம். அதியமானோடு கள்ளருந்தியவள், தொண்டைமானிடம் தூது சென்றவள், சங்க இலக்கியத்தில் 59 பாடல்களுக்கு உரியவள் என்றா பேசுகிறோம்? ஆத்திசூடி பாட்டியைப் பேசுகிறோம். வெவ்வேறு காலத்து ஔவைகளை ஒரே கிழவியாக்கி, கையில் கோலும் நெற்றியில் நீறும் தந்து, அறம் சொல்ல உட்கார வைத்துவிட்டோம். திருமணத்திலிருந்து தப்பிக்க இளம்பெண்ணொருத்தி பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டாள் என்ற கதையைக் குழந்தைத்தனமாகச் சொல்லிச் சிரிக்கிறோம். கிழவியானால்தான் ஊர்சுற்றவும் பாடவும் விடுவார்கள் என்று ஒரு பெண் கணக்குப் போட்டாளே, அவளுடைய ஊர் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று நான் ஒரு மேடையிலும் கேட்டதில்லை. இன்றைய கிழவிக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஞாயிறு காலை 10 மணிக்கு அவளால் மாடியேற முடியவில்லை.

சென்ற மார்ச்சில் அதே சங்கம் மகளிர் தினத்துக்கு அழைத்தது. கோலப்போட்டி, சிறந்த இல்லத்தரசிக்குப் பரிசு, பிறகு என் உரை. 'குடும்ப விளக்கு' என்று தலைப்பும் தந்திருந்தார்கள். இந்த முறை பேசப் போவதில்லை, கேட்கப் போகிறேன் என்றேன். ஒலிவாங்கியின் கம்பி மூன்றாம் வரிசைக்கு மேல் எட்டவில்லை. அதனால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பெண்களின் எதிரே போட்டு உட்கார்ந்தேன். ஆண்கள் தங்கள் நாற்காலிகளைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. 'இந்தச் சங்கத்துக்கு யாரைக் கூப்பிட்டு எதைப் பற்றிப் பேசச் சொல்லலாம்?' என்பதுதான் நான் கேட்டது.

வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அம்மா, இருமினால் சிறுநீர் கசிகிறது, இதற்கெல்லாம் டாக்டர் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். கர்ப்பப்பை இறங்கியிருப்பதைப் பத்து வருடமாக யாரிடமும் சொல்லாமல் துணி வைத்துக் கட்டிக்கொண்டிருப்பதை இன்னொருவர், கூட்டத்துக்கு இல்லாமல் என் காதுக்குச் சொன்னார். மற்றொருவர் கணவரின் ஓய்வூதியம் எவ்வளவு என்றே தனக்குத் தெரியாது என்றார். கணவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் காலத்து அரசு ஊழியரின் ஓய்வூதியம் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி. அவருக்குப் பின் மனைவிக்கு வழக்கமாக வரும் குடும்ப ஓய்வூதியம் அதே ஊதியத்தில் 30 விழுக்காடு. ஆணின் முதுமைக்குப் பாதி, அவன் விதவையின் முதுமைக்கு அதிலும் குறைவு. வாடகையும் மருந்தும் அப்படிக் குறைவதில்லை. இதை அந்த வங்கி மேலாளர் சொல்லியிருக்கலாம்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம், தம்பி கேட்டான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைப் பற்றி ஒருவர் கேட்டார். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பெண் தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு நம் பதிவு அலுவலகங்கள் வைத்திருக்கும் பெயர் விடுதலை!

இந்த இடத்தில் வரலாற்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தரும் சட்டத்திருத்தம் வந்தது 1989இல், அறுபது ஆண்டுகள் கழித்து. அதை ஆண்டுதோறும் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தத் திருத்தம் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை விலக்கிவிட்டது. அந்தக் கூடத்தில் ஐந்தாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி விலக்கப்பட்டவர்கள். 2005இன் மத்தியச் சட்டத்திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகள் செல்லும். இவர்களுக்கு உரிமை வந்து சேர்ந்தபோது, பலருடைய வீட்டில் பங்கிட எதுவும் மீதமில்லை. இந்தச் சட்டங்கள் இவர்களைப் பற்றியவை, இவர்கள் வாழ்நாளிலேயே மாறியவை. ஒருவரும் இவர்களுக்குச் சொன்னதில்லை. நரை இல்லாதவர் கதையைத்தான் சொன்னோம்.

கடைசியாகக் கேட்டவர் சுண்டல் அம்மா. சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டார். வீடு அவர் பெயரில் இருக்கிறது. மகன் தானசெட்டில்மெண்ட் எழுதித் தரச் சொல்கிறான். "எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எங்க டீச்சர் இருப்பேன்?"

கூடத்தில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் அவருடைய மகனை அறிந்தவர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், வீடு உங்களுடையதாகவே இருக்கும். தானசெட்டில்மெண்ட் பதிவானால் வீடு கைமாறிவிடும், நினைத்தபோது திருப்பி வாங்க முடியாது. எழுதியே தீரவேண்டும் என்றால், ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும், மகன் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு, அப்படிப் பெற்றுக்கொண்டவர் கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழிசெய்கிறது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், மகன் கூட்டிவரும் வக்கீலை அல்ல.

எண்ணைக் குறித்துக்கொள்ள அவரிடம் தாள் இல்லை. கோலப்போட்டி மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்.

அன்று பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டல் மட்டும் பின்வரிசையோடு நின்றது. மாலையில் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதை குறையாமல்தான் பேசினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. குடும்பத்தைப் பிரிக்கிற மாதிரி ஆயிடுச்சுன்னு நம்ம ஆளுங்க சொல்றாங்க. லேடீஸும் பாவம், சங்கடப்பட்டிருப்பாங்க. சந்தோஷமா இருக்கத்தானே வர்றோம்."

அவர் கெட்டவர் இல்லை. இந்தச் சங்கங்களையும் நான் இழிவாக நினைக்கவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், நண்பர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்க, வீட்டில் பேச ஆளில்லாமல் வருகிற ஆண்களை அங்கே பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்காக மாதம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். அந்தத் தனிமை உண்மையானது. அந்தக் கூடம் இல்லாவிட்டால் அந்தப் பெண்களை நான் சந்தித்திருக்கவே முடியாது. அதனால்தான் இந்தச் சண்டை. இருக்கிற ஒரே பொதுவெளி அது என்பதால், அதில் பாதி வேண்டும்.

ஆனால் 'குடும்பத்தைப் பிரிப்பது' என்ற சொல்லை ஏற்கமாட்டேன். ஒரு பெண் தன் வீட்டிலேயே இருந்து சாக வழி கேட்பது எந்தக் குடும்பத்தைப் பிரிக்கிறது? ஒரு கேள்விக்கே பிரிந்துபோகிற குடும்பம் அவளுடைய மௌனத்தால்தானே இத்தனை காலம் ஒட்டியிருக்கிறது? 'லேடீஸ் சங்கடப்பட்டார்கள்' என்பதும் பொய். சங்கடப்பட்டவர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டவர்கள். 'பெண்கள் பேசவே முன்வருவதில்லை' என்று எல்லாச் சங்கங்களிலும் சொல்கிறார்கள். மூன்றாம் வரிசையோடு நின்றுவிடும் கம்பியை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வெட்கம் வேண்டாமா?

இதில் என் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மேடைகளுக்குப் பெண் பேச்சாளர் வேண்டும் என்று நம்மைத்தான் அழைக்கிறார்கள். நம்மை மேடையேற்றிவிட்டால் பெண்களுக்கு இடம் கொடுத்தாயிற்று. நாம் தமிழின் பெருமையையும் பெண்மையின் பெருமையையும் கலந்து நாற்பது நிமிடம் தருகிறோம். பின்வரிசை தலையாட்டுகிறது. ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பெண்களின் வாயை அடைத்தது செயலாளர் மட்டுமல்ல, என் இனிய தமிழும்தான்.

ஆகவே, இப்படி அழைக்கப்படுகிற தோழிகளுக்கும், நாளை அழைக்கப்படப்போகிற மாணவிகளுக்கும் சொல்கிறேன். போங்கள், மறுக்காதீர்கள். ஆனால் போகுமுன் கேளுங்கள். கூட்டம் எத்தனை மணிக்கு? மாடியிலா, தரைத்தளத்திலா? கணவரை இழந்தவர்கள் தம் பெயரில் உறுப்பினராக இருக்கிறார்களா? தலைப்பைத் தேர்ந்தது யார், அதில் பெண்கள் எத்தனை பேர்? நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் நீங்கள் பேசுங்கள், முப்பது நிமிடம் அவர்களிடம் விடுங்கள். அடுத்த மாதத்துக்கு ஒரு பெண்நோய் மருத்துவரை, ஒரு பெண் வழக்கறிஞரை, பத்திரப் பதிவு தெரிந்த ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்து கொடுங்கள்.

நான் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியபின் அழைப்புகள் குறைந்துவிட்டன. ஒரே ஒரு சங்கம் கூட்டத்தை மாலை 4 மணிக்கு மாற்றியது. அங்கே இப்போது பின்வரிசையில் நாற்காலி போதவில்லை என்கிறார்கள். மற்றொரு சங்கம், பிசிராந்தையாரையே பேசினால் போதும் என்று சொல்லிவிட்டது.

சுண்டல் அம்மா இரண்டு மாதம் கழித்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நிபந்தனையை எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவரிடம் பேசுவதில்லை. "பேசாட்டி போகுது டீச்சர், வீட்டுலதான் இருக்கேன்" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. அவருக்கு நான் தந்தது மகிழ்ச்சி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

191ஆம் பாடலை இப்போதும் வகுப்பில் நடத்துகிறேன். பொருள் சொல்லுமுன், அந்த அம்மா என்னிடம் கேட்டதை என் மாணவிகளிடம் கேட்கிறேன்.